கொங்கு நாட்டுப் பூப்பறிக்கும் நோன்பு

தமிழர் விழாக்களுள் பூவின் பெயரால் வழங்குவன சிலவே. அவற்றுள்ளும், யாரும் நடாமலும் நீர் விடாமலும் காட்டில் பூத்த பூவைத் தேடிச் சென்று கொண்டாடும் விழா மிக அரிது. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் முதலிய மாவட்டங்கள் அடங்கிய கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் தைப் பொங்கலையொட்டி நடைபெறும் பூப்பறிக்கும் நோன்பு அத்தகையது. ஊரார் இதனைப் 'பூ நோம்பி' என்பர். நோன்பு என்னும் சொல்லே அந்நாட்டு வழக்கில் நோம்பி ஆயிற்று. அங்கு அதற்குப் பண்டிகை என்பது பொருளேயன்றி, உண்ணாதிருத்தல் அன்று.

மார்கழியின் கடைசி நாளில் காப்புக்கட்டுதல் நிகழும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி வீட்டுக் கூரையிலும் மாட்டுத் தொழுவத்திலும் விளைநிலத்திலும் செருகுவர். பொங்கல் கழிந்து காணும் பொங்கலன்று பெண்களும் சிறுமியரும் கூடையில் கரும்பும் தின்பண்டமும் எடுத்துக்கொண்டு காட்டுக்கும் குன்றடிக்கும் ஆற்றங்கரைக்கும் கூட்டமாகச் செல்வர். ஆவாரம்பூவைப் பறித்துக் கூடையை நிரப்புவர், கும்மியடித்துப் பாடுவர், பண்டங்களைப் பகிர்ந்துண்டு மாலையில் ஊர் திரும்புவர். தேரும் கொடியேற்றமும் இவ்விழாவுக்கு வேண்டுவதில்லை. பெண்களும் காடும் இருந்தால் போதும்.

பூவுக்குரிய பருவம் இளவேனிலாகிய சித்திரையும் வைகாசியுமன்றோ, தையில் பூவிழா எவ்வாறு பொருந்தும் என்று வினவலாம். விடை நிலத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கொங்கு நாட்டின் சமவெளி வறண்டது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே அந்நிலத்துக்குப் பெருந்துணை. அம்மழையில் தழைத்த புதர்கள் தையில் பூத்து நிற்கும். ஆகவே, பஞ்சாங்கத்தில் பனிக்காலமாயினும் மேட்டுநிலத்துக்கு அதுவே பூக்காலம்.

இப்பூக்கள் இலக்கியத்துக்குப் புதியன அல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் ஆடிப் பல்வகை மலர்களைப் பறித்துப் பாறையில் குவிக்கின்றனர். 99 எனப் பொதுவாக எண்ணப்படும் அம்மலர்களுள் ஆவிரையும் உண்டு, பூளையும் உண்டு. கலித்தொகையின் நெய்தற்கலியில் மடலேறும் தலைவன் அணியும் பூக்களிலும் இவ்விரண்டும் ஒருங்கே வருகின்றன. ஆங்கு காதலின் துயரைக் காட்டிய இணை, ஈங்கு மனையையும் மாட்டையும் காக்கும் காப்பாக நிற்கிறது. சங்கப் பாட்டின் மகளிர் வழியே நேராக வந்தது இந்நோன்பு என்று துணிதற்குச் சான்று போதாது. ஆயினும், காட்டுப்பூவை மதிப்புடைய பொருளாகக் கருதிய மனப்பாங்கு இரண்டிற்கும் பொது என்பதில் ஐயமில்லை.

இதனைப் பூம்புகாரின் இந்திர விழாவோடு ஒப்பிடுதல் தகும். 28 நாள் நடந்த அவ்விழாவுக்கு அரசனும் பெருநகரும் வணிகர் செல்வமும் வேண்டியிருந்தன. அவ்விழா நின்றதனால் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். இன்று அது நூலில் வாழ்கிறது. அரசன் தயவை நாடாத பூ நோம்பியோ ஊரில் வாழ்கிறது.

ஆனால், இவ்விழா கடல் கடந்ததா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஜொகூரின் மூவார் வட்டாரமும் அவற்றுள் ஒன்று. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர் வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வரவு தொடர்ந்தது. அவர்களுடன் பொங்கற்பானை வந்தது. மாட்டுப் பொங்கலும் வந்தது. ஆவாரை வரவில்லை. வறண்ட நிலத்துச் செடியாகிய அது, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஜொகூரின் ஈரமண்ணில் தானாக முளைப்பதில்லை. பானையைக் கப்பலில் ஏற்றலாம். பூத்த காட்டை ஏற்ற இயலாது. அதனால் ஆவாரை, பூளை என்பன இங்குள்ள தமிழ் மாணவர்க்குச் செய்யுளில் மட்டும் காணும் பெயர்களாயின.

தாயகத்திலும் நிலை மாறிவருகிறது. மேய்ச்சல் நிலங்கள் வீட்டுமனைகளாகின்றன. எஞ்சிய நிலத்தில் சீமைக் கருவேலம் பரவுகிறது. காப்புக்குரிய பூக்கள் பொங்கற் சந்தையில் கட்டுக்கட்டாக விலைக்கு வருகின்றன. விலைக்கு வாங்கிய பூவால் காப்புக் கட்டிவிடலாம். பறிக்கச் செல்லும் நடையும் கும்மியும் சந்தையில் கிடைப்பதில்லை. பறித்தலே விழாவாதலின், காடு குறையுமளவுக்கு விழாவும் குறையும்.

தம் மண் தானே தந்த பூவைத் தேடிச் சென்று பறித்தலே இந்நோன்பின் இலக்கணம். அவ்விலக்கணம் மூவாருக்கும் பொருந்தும். ஆவாரையின் இனத்தைச் சேர்ந்த சீமையகத்தி மலேசியாவின் ஈரநிலங்களிலும் வழியோரங்களிலும் தானாக வளர்ந்து, மெழுகுதிரி போல் நிமிர்ந்த மஞ்சட் பூங்கொத்துகளைத் தருகிறது. மலாய் மக்கள் அதனைக் கெலெங்காங் என்று அழைத்துப் படைக்கு மருந்தாகப் பயன்படுத்துவர். குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரை அழைத்துச் சென்று அப்பூவைக் காட்டி, ஆவிரையின் உறவு இது என்று சொல்வாராயின், ஏட்டில் நின்ற பெயர் கண்முன் பூவாகும்.