ஹூகோ முறையும் குடிபெயர்ந்தோர் மனநலமும்

சீன தேசத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்ற ஹூகோ என்னும் குடிப்பதிவு முறை மனிதனைக் குடும்பத்தின் பூர்விக ஊரோடு பிணைத்துவிட்டமையால், பிழைப்பு நாடி நகரம் புகுந்த கிராமவாசி, அந்நகரின் மாளிகைகளைத் தன் கையாலேயே எழுப்பியும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கையில் அந்நியனாகவே நிற்கிறான். பேச்சின் கொச்சை காட்டிக்கொடுக்க, பேருந்தில் பக்கத்திலிருப்பவர் சற்றே விலகி அமர்வது அற்ப விஷயம் போலத் தோன்றினும், நித்தமும் நிகழும்போது அதுவே உறக்கத்தைக் கெடுத்து, மனச்சோர்வையும் தாழ்வுணர்ச்சியையும் வளர்க்கிறது. 2003-இல் குவாங்சோ நகரில், தங்கல் அனுமதிச் சீட்டு கையிலில்லாத சுன் சிகாங் என்ற இளைஞர் காவலில் அடிபட்டு மாண்ட பிறகே, சீட்டில்லாதவரைப் பிடித்து ஊருக்கனுப்பும் விதி ஒழிந்தது. 2010-இல் ஷென்சென் தொழிற்சாலை விடுதிகளில் இளந்தொழிலாளர் பலர் மாடியிலிருந்து குதித்து உயிர்நீத்தபோதோ, நிர்வாகத்தினர் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள்! மனத்துயரை அப்பெயரால் சொல்லும் வழக்கம் குடிபெயர்ந்தோரிடம் அரிது. தலைவலி என்றே வைத்தியரிடம் வருகிறார்கள்.