சிறுவர் ரோபோ போட்டிக்கு ஆயத்தமாதல்: பிழையை வகைப்படுத்தும் பயிற்சி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் சொல் வரையறையும்

சிறுவர் குழு ஒன்று ரோபோ போட்டிக்கு ஆயத்தமாகும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. "ரோபோ செய்கிறார்கள்" என்பது பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் விடை. அது போதாது. ஓரளவு ஓடக்கூடிய ரோபோவைச் சுறுசுறுப்பான குழு இரண்டு வாரத்தில் கட்டிவிடும். ஆயத்தமோ மாதக்கணக்கில் நீள்கிறது. எஞ்சிய காலம் பிழையை அளப்பதிலும், அதை இன வாரியாகப் பிரிப்பதிலும், இனத்துக்கு ஏற்ற மருந்தைத் தேடுவதிலுமே செலவாகிறது என்பது நம் துணிபு.

ஆய்வுக்களமாக ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியின் சேலஞ்ச் பிரிவை எடுத்துக்கொள்கிறோம். 1989இல் அமெரிக்கப் புத்தாக்கரான டீன் கேமன் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பும், டென்மார்க்கின் லெகோ குழுமமும் கைகோத்து 1998இல் தொடங்கியது இது. ஒரு குழுவில் பத்துச் சிறுவர்வரை இருக்கலாம். எட்டடி நீளம், நாலடி அகலம் கொண்ட மேசை. அதன்மேல் விரித்த மேட். மேட்டின்மேல் லெகோ துண்டுகளால் கட்டிய பணிமாதிரிகள். நம்மூர்ப் பயிற்றுநர்களுக்கு இந்த மேசை பெரிய சிக்கலாக இருப்பதில்லை. மரக்கடையில் கிடைக்கும் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்றும் ஓரத்துக்குச் சட்டமும் இருந்தால் போதும்.

இனிச் சொற்கள். ரோபோ தானே இயங்கிப் பணிகளை முடிக்கும் 150 நொடிக் காலத்தை 'ஆட்டம்' என்போம். புறப்பாட்டு எல்லையை விட்டு ரோபோ கிளம்பியது முதல் அங்கே திரும்பி வரும்வரை 'ஓட்டம்'. சிறுவர் இதை 'ரன்' என்பர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ரோபோவின் முன்னோ பின்னோ மாட்டிக் கழற்றும் கை, கொக்கி, தள்ளுபலகை முதலியன 'இணைகருவி'. எல்லைக்கு வெளியே இருக்கும் ரோபோவைக் கையால் தொடுவது 'தலையீடு'.

தவறு, பிழை என்னும் இரண்டையும் பேச்சுவழக்கில் ஒன்றாகவே ஆள்கிறோம். இங்கே பிரித்து ஆள்வது இன்றியமையாதது. 'தவறு' மனிதர் செயலைக் குறிக்கும். 'பிழை' அளவின் விலகலைக் குறிக்கும். வலப்பக்கம் திரும்ப எழுத வேண்டிய கட்டளையை இடப்பக்கம் என்று எழுதியது தவறு. கட்டளை முற்றும் சரியாக இருந்தும் ரோபோ மூன்று சென்டிமீட்டர் தள்ளி நின்றது பிழை. தவறு கண்டுபிடிக்கப்பட்டால் ஒழிந்துவிடும். பிழை ஒழியாது; குறைக்கத்தான் முடியும். இந்த வேறுபாடு பிடிபடாத குழு, பிழைக்குக் காரணமான ஆளைத் தேடித் தனக்குள் சண்டையிட்டுக்கொள்ளும்.

2. கருத்தின் மூலம்

பிழையைக் கல்விப்பொருளாக்கும் எண்ணம் போட்டிக்கு முன்பே தோன்றியது. 1967இல் உருவான லோகோ கணினிமொழியின் படைப்பாளருள் ஒருவர் சீமர் பேப்பர்ட். தரையில் ஊரும் 'ஆமை' என்னும் சிறு எந்திரத்துக்கு முன்னே போ, இத்தனை பாகை திரும்பு என்று குழந்தை கட்டளையிடும். ஆமை வேறெங்கோ போகும். ஏன் என்று குழந்தை ஆராயும். அவர் 1980இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் பெயரையே லெகோ 1998இல் தன் ரோபோப் பெட்டிக்கு வைத்தது. பெட்டிகள் ஆர்சிஎக்ஸ், என்எக்ஸ்டி, ஈவி3, ஸ்பைக் பிரைம் என மாறி வந்தாலும், முன்னே போ, திரும்பு என்ற இரண்டு கட்டளைகளே இன்றும் அடித்தளம்.

3. பிழையின் இருவகை

வழக்கமான 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒருமுறை சுழன்றால் ரோபோ ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர் நகரும். மோட்டாரின் உள்ளே இருக்கும் சுழற்சி எண்ணி ஒவ்வொரு பாகையையும் எண்ணுகிறது. ஒரு பாகைக்கு நகர்வு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு நுட்பமான கருவி ஒரு மீட்டர் போய்ச் சேர்வதற்குள் விரற்கடை அளவு விலகுவது ஏன்?

விடை காண ஓர் எளிய சோதனை உண்டு. ஒரே புரோகிராமைப் பத்து முறை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ரோபோ நின்ற இடத்தில் மேட்டின்மேல் சிறு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இடையில் எதையும் மாற்றக் கூடாது. சிறுவருக்கு இதைவிடக் கடினமான கட்டளை வேறில்லை.

பத்து ஸ்டிக்கரும் ஒரு ரூபாய் நாணயம் மறைக்கும் அளவுக்கு நெருங்கியிருந்து, ஆனால் குறியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் இடப்பக்கம் விலகியிருந்தால் அது 'நிலைப்பிழை'. ஒரே திசையில், ஒரே அளவில், ஒவ்வொரு முறையும் நிகழ்வது இதன் இலக்கணம். பத்தும் குறியைச் சுற்றி அங்குமிங்கும் தெறித்துக் கிடந்தால் அது 'சிதறுபிழை'. திசையும் அளவும் முறைதோறும் மாறுவது இதன் இலக்கணம். இரண்டும் கலந்து வருவதே பெரும்பான்மை. எது மிகுதி என்பதை ஸ்டிக்கர்கள் காட்டும்.

இரண்டுக்கும் மருந்து வேறு. நிலைப்பிழையைப் புரோகிராமில் எண்ணை மாற்றித் தீர்க்கலாம். சிதறுபிழையை எண்ணால் தீர்க்க முடியாது; ரோபோவின் கட்டுமானத்தையோ, வைக்கும் முறையையோ, வழியையோ மாற்ற வேண்டும்.

அனுபவமற்ற குழுவின் காலமெல்லாம் வீணாவது இங்கேதான். ரோபோ ஒருமுறை குறியை எட்டாமல் நிற்கிறது. 640 என்ற எண் 655 ஆகிறது. அடுத்த முறை தாண்டிப் போகிறது. 655 மறுபடி 640 ஆகிறது. மாலை முழுதும் இப்படியே போகும். கடைசியில் ஒரு பையன் கைவிரித்து, "அண்ணா, நேத்து கரெக்டா போச்சே!" என்பான். நேற்றுச் சரியாகப் போனதும் சிதறலின் ஒரு புள்ளிதான் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த எண் மாற்றம் பயனற்றது மட்டுமன்று, தீங்கும் செய்வது. தர ஆய்வறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் புனல் வழியே கோலிக்குண்டைக் குறிமேல் விழவிட்டு இதை விளக்கினார். குண்டு விலகிய அளவுக்கு எதிர்ப்பக்கமாகப் புனலை ஒவ்வொரு முறையும் நகர்த்தினால் சிதறல் கூடும். புனலை அசைக்காமல் விட்டதைவிட ஏறத்தாழ 1.4 மடங்காகும். பொறியாளர் பலர் வேலைக்குச் சேர்ந்தபின் கற்கும் இந்தப் பாடம், பத்து ஸ்டிக்கரும் பொறுமையும் இருந்தால் ஐந்தாம் வகுப்பிலேயே கைவரும். ஆயத்தத்தின் உயிர்நாடி இதுவே என்று கருதுகிறோம். ஆகவேதான் இப்பகுதியில் இவ்வளவு நேரம் நின்றோம்.

4. காரணங்கள்

சிதறுபிழையின் முதற்காரணம் புறப்பாடு. ரோபோவை ஒரு பாகை கோணலாக வைத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 17 மில்லிமீட்டர் விலகல். இரண்டு பாகை என்றால் 35. கண்ணால் ஒரு பாகையைக் காண இயலாது. ஆதலால் லெகோ துண்டுகளால் 'அணைகட்டை' ஒன்று கட்டி, ரோபோவை அதோடு ஒட்டவைத்துப் புறப்படச் செய்வர்.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இதைச் செய்யக் கண்டோம். முதலில் ஈரத்துணியால் இரண்டு சக்கரத்தையும் துடைத்தாள். ரோபோவை அணைகட்டையில் சாய்த்து, இரு கட்டைவிரலாலும் ஒரே அழுத்தத்தில் தள்ளினாள். பின் கட்டையை எடுத்துவிட்டு, பொத்தானின் சரியான நடுவில் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஓரத்தில் அழுத்தினால் ரோபோ இம்மியளவு திரும்பிவிடுகிறது என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள். அது எந்தக் கையேட்டிலும் நாம் படித்ததில்லை.

இரண்டாவது காரணம் பல்லிடைத் தளர்வு. பற்சக்கரங்கள் கோத்துக்கொள்ளும் இடத்தில் சிறு இடைவெளி இருந்தே தீரும். 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைச் சுழற்றினால் முறுக்குவிசை மும்மடங்காகி, வேகம் மூன்றில் ஒன்றாகும். நல்லதுதான்; ஆனால் பற்சக்கரம் கூடக்கூட இணைகருவியின் நுனி ஆடும். சுமையைத் தூக்கும் கைக்கு இது பொருந்தும்; சிறு வளையத்தில் நுழைய வேண்டிய கைக்குப் பொருந்தாது.

மூன்றாவது, சக்கரத் தூசியும் திடீர்ப் புறப்பாடும். முழுவேகத்தில் கிளம்பும் ரோபோ வழுக்கும். சுழற்சி எண்ணி வழுக்கலையும் நகர்வாகவே எண்ணிக்கொள்ளும்.

நிலைப்பிழைக்கு எடுத்துக்காட்டு திரும்பும் கணக்கு. இரு சக்கரத்துக்கும் இடையே 112 மில்லிமீட்டர் இருந்தால், நின்ற இடத்தில் 90 பாகை திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 180 பாகை சுழல வேண்டும். திரும்பும் பாகையைச் சக்கர இடைவெளியால் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுத்தால் வரும் விடை இது. இடைவெளியை 116 என்று அளந்த குழுவுக்கு ரோபோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே அளவு அதிகமாகத் திரும்பும். திசையறியும் கைரோ உணரி இக்குறை நேராமல் காக்கும் என்று நம்பலாம்; ஆனால் ஈவி3 கைரோவை ரோபோ அசையும்போது தொடங்கினால், நின்றிருக்கும்போதும் அதன் எண் ஊர்ந்துகொண்டே இருக்கும். காவலாளியே உறங்கும் கதை.

ஒளி தனி இனம். வண்ண உணரிக்குக் கறுப்புக்கோடு 10, வெள்ளை 90 என்று தெரிந்தால் கோட்டின் ஓரம் 50. அரங்கின் விளக்கில் இந்த எண்கள் மாறும். வீட்டில் நிலைப்பிழையே இல்லாத புரோகிராம் அரங்கில் நிலைப்பிழையோடு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

கோணச் சிதறலை ஒரே வீச்சில் துடைக்கும் உத்தி ஒன்று உண்டு. அதைச் 'சுவரணைதல்' என்போம். பாதிவழியில் ரோபோ பின்னோக்கிப் போய் மேசைச் சட்டத்தில் முதுகை முட்டி நிமிர்ந்துகொள்கிறது. அதுவரை சேர்ந்த கோணப்பிழை அங்கே அழிகிறது. ஓரிரு நொடி செலவாகும்; கொடுக்கத் தக்க விலைதான்.

5. ஆயத்தத்தின் நிலைகள்

விதிநூல் வாசிப்பு முதல் நிலை. இதை வேகமாகக் கடக்கும் குழு பின்னால் வருந்தும். எடுத்துக்காட்டு தலையீட்டு விதி. அண்மைப் பருவங்களில் ஆறு டோக்கன்களோடு ஆட்டம் தொடங்குகிறது. ஒரு தலையீட்டுக்கு ஒரு டோக்கன் போகும். ஆறு எஞ்சினால் 50 மதிப்பெண், ஐந்து எஞ்சினாலும் 50, நான்குக்கு 35, மூன்றுக்கு 25, இரண்டுக்கு 15, ஒன்றுக்கு 10. ஆக, முதல் தலையீட்டுக்கு விலையே இல்லை; இரண்டாவதுக்குத்தான் மிக உயர்ந்த விலை. சிக்கிக்கொண்ட ரோபோவை எடுப்பதா விடுவதா என்று மேசையருகே நிற்கும் சிறுவன் ஒரு நொடியில் முடிவெடுக்க, இந்த அட்டவணை அவன் மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பணித் தெரிவு. பணிகளை இடத்தால் தொகுத்து ஓட்டங்களாக்க வேண்டும். ஐந்து ஓட்டம் என்றால் நான்கு முறை இணைகருவி மாற்ற வேண்டும். ஒன்றுக்கு எட்டு நொடி என்று வைத்தாலும் 32 நொடி கைவேலைக்கே போய்விடும். இக்கணக்கைப் பார்த்தபின் பல குழுக்கள் ஓட்டத்தைக் குறைக்கின்றன.

கட்டுமானமும் புரோகிராமும் மூன்றாம் நிலை. இவற்றைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. நான்காம் நிலை மீள்சோதனை; அதை மூன்றாம் பகுதியிலேயே விளக்கினோம். ஐந்தாவது, நொடிமானியோடு முழு ஒத்திகை.

இவை அனைத்தும் மேசைக்கு மட்டுமே. மொத்த மதிப்பீட்டில் மேசையாட்டம் நான்கில் ஒரு பங்கு. ரோபோ வடிவமைப்பு விளக்கம், புத்தாக்கத் திட்டம், குழுப்பண்பு ஆகிய மூன்றும் அதற்குச் சமமான எடையுடையவை. நடுவர்முன் அரைமணி நேர அமர்வில் அளக்கப்படுபவை. மேசை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கும் பெற்றோர், முக்கால் போட்டியைப் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள்.

6. கை யாருடையது

ஆயத்தத்தைக் கெடுக்கும் காரணங்களில் பெரியது பற்சக்கரத்திலோ விளக்கிலோ இல்லை. பெரியவரின் கையில் இருக்கிறது. வேலை சிறுவருடையதாக இருக்க வேண்டும் என்பது போட்டியின் அடிப்படை விதி. விதியை அறிந்தும் மீறுகிறோம், அன்பினால். கோணலாக மாட்டிய துண்டை நேராக்க நம் கையே நீண்டதுண்டு. அந்தத் துண்டு ஏன் கோணலானது என்பதை அன்று அந்தக் குழு கற்காமலே போனது.

நடுவர் அறையில் இது மறைவதில்லை. "இந்தப் பற்சக்கரம் எதற்கு?" என்ற கேள்விக்கு, பெரியவர் கட்டிக்கொடுத்த குழு பற்சக்கரத்தின் பெயரைச் சொல்லும். தானே கட்டிய குழு ஒரு கதையைச் சொல்லும்: முதலில் பெரியதை மாட்டினோம், தூக்கவில்லை, மாற்றினோம், ஆடியது, ரப்பர் பேண்டு கட்டினோம். ஒருவர் சொல்லும்போதே இன்னொருவர் குறுக்கிட்டு, "இல்ல, அது அப்புறம்தான்" என்று வரிசையைத் திருத்துவார். அந்தக் குறுக்கீடே நம்பத்தக்க சான்று.

7. போட்டி நாள்

அரங்கின் மேசை வீட்டு மேசையன்று. மேட்டின் மடிப்பு, சட்டத்தின் வளைவு, விளக்கின் நிழல் எல்லாமே புதியவை. ஆயத்தமான குழு முதலில் உணரியின் எண்களை அளந்து எழுதிக்கொள்ளும். முதல் ஆட்டத்தில் ரோபோ விலகினால் உடனே எண்ணை மாற்றாது. பயிற்சி மேசையில் இடம் கிடைத்தால் மூன்று முறையாவது ஓட்டிப் பார்த்து, விலகல் ஒரே பக்கமா பல பக்கமா என்று கேட்கும்.

வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாட் என்னும் மற்றொரு போட்டியில் இன்னும் ஒரு படி மேலே, போட்டி நாள் காலையில்தான் சொல்லப்படும் திடீர் விதி ஒன்று உண்டு. மனப்பாடம் செய்த புரோகிராம் அங்கே உதவாது.

லெகோ லீக்கில் வழக்கமாக மூன்று ஆட்டங்கள். அவற்றுள் உயர்ந்த மதிப்பெண் ஒன்றே தரவரிசைக்குச் செல்லும். மற்ற இரண்டு ஆட்டங்களில் ரோபோ எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்பது குழுவின் நோட்டில் மட்டும் இருக்கும்.