அடிமைகளுக்கு அடிமையானவர்



கொலம்பியா தேசத்தின் கரீபியன் கடற்கரையில், பழைய கோட்டை மதில்கள் சூழ நிற்கும் துறைமுகப் பட்டணம் கார்த்தஹேனா. அங்குள்ள கத்தோலிக்க ஆலயங்கள் இரண்டுக்கு இந்த வாரம் உங்களை மனதளவில் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

முதலாவது, லா போப்பா குன்று. கடலில் வந்த மாலுமிகளுக்குக் கப்பலின் பின்புறம்போல் தோன்றியதால் அப்பெயர் வந்தது. அதன் உச்சியில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்தீன் சபைத் துறவிகள் எழுப்பிய மடம் உள்ளது. அங்கே நின்றால் துறைமுகம் முழுவதும் தெரியும். அழகிய காட்சிதான். ஆயினும் ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்ட மனிதர்கள் சங்கிலிகளோடு வந்து இறங்கியதும் அதே துறைமுகத்தில்தான்.

குன்றைவிட்டு இறங்கி நகருக்குள் வந்தால், பீட்டர் கிளேவர் என்பவரின் பெயரைத் தாங்கிய ஆலயத்தைக் காண்பீர்கள். பலிபீடத்தின் கீழே, கண்ணாடிப் பேழையில் அவருடைய எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பெயினில் பிறந்த இந்த இயேசு சபைக் குருவானவர் 1610இல் இங்கு வந்தார். 1654இல் மரிக்கும்வரை ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்நகரில் ஊழியம் செய்தார். அடிமைக் கப்பல் வந்தது என்று கேட்டவுடன் தண்ணீர், பழங்கள், மருந்து ஆகியவற்றோடு புறப்படுவார். துர்நாற்றம் வீசும் கப்பலடித் தளத்தில் இறங்கி, நோயாளிகளின் புண்களைத் தம் கையால் துடைப்பார். சுவிசேஷத்தைப் பேசுமுன் இதைச் செய்வார். 1622இல் தமது இறுதி வாக்குத்தத்தத்தில் கையொப்பமிட்டபோது, ஆப்பிரிக்கருக்கு என்றைக்கும் அடிமை என்று தம்மைக் குறித்து எழுதினார். 1888இல் ரோமச் சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இத்தோடு நிறுத்திவிட்டால் மனதுக்கு இதமாயிருக்கும். ஆனால் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. ஆப்பிரிக்க மொழிகளை அறிந்து, அவருக்காகப் பேசிய மொழிபெயர்ப்பாளர்கள் யார் தெரியுமா? அவருடைய சபையின் கல்லூரிக்கே சொந்தமாயிருந்த அடிமைகள். அவர் காயங்களைக் கட்டினார். சங்கிலியோ அப்படியே இருந்தது. அத்தேசத்தில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1851இல்தான், அவர் மரித்து 197 ஆண்டுகளுக்குப் பின்பே பிறந்தது.

பிரியமானவர்களே, அவரைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. நாம் போகத் தயங்கும் இடத்திற்கு அவர் போனார். ஆனால் இரக்கமுள்ள பரிசுத்தவானுக்கும் தம் காலத்தின் அநீதி கண்ணுக்குப் பழகிப்போகக்கூடும் என்றால், நம்மைக் குறித்து என்ன சொல்வோம்? நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவருக்குப் பண்டிகை நாளில் புடவை கொடுக்கிறோம். நியாயமான கூலி கொடுக்கிறோமா? ஒநேசிமுவை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பவுல் பிலேமோனிடம் வேண்டினாரே; அந்த நிருபத்தை இந்த வாரம் வாசியுங்கள்.

அடிமையின் கோலம் பூண்ட நம் ஆண்டவர், காயத்தைக் கட்டும் கைகளையும் சங்கிலியைக் காணும் கண்களையும் நமக்குத் தருவாராக. ஆமென்.