கைலிக் கட்டமும் ஸ்காட்லாந்துக் கட்டமும்

குட்வில் எஸ்டேட்டில் சாயங்காலம் வேலை முடிந்து கைலிக்கு மாறாத ஆண்பிள்ளை அபூர்வம். தெற்கத்திக்காரர் அதைச் சாரம் என்பார், மற்றவர் லுங்கி என்பார். துணி ஒன்றுதான், கட்டம்தான் வேறு. "பெரிய கட்டம் எனக்கு வேணாம்டா, கட்டம்தான் தெரியும், ஆளு தெரியமாட்டான்" என்பார் எங்கள் சித்தப்பா. ஆள் ஒல்லி, குட்டை. அவர் இடுப்பின் முன்பக்கத்தில் பெரிய கட்டம் இரண்டரைதான் அடங்கும்.

ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட் பாவாடைக்கும் இதே கவலை உண்டு. சுமார் 8 கஜத் துணியைப் பின்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தைக்கிறார்கள். கட்டம் குலையாமல் தைக்க வேண்டுமானால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுக் கட்ட வரிசையை விழுங்க வேண்டும். வரிசை பெரிதானால் மடிப்பு ஆழமாகும், எண்ணிக்கை குறையும். சிறிதானால் மடிப்பு நெருங்கும். ஆகவே அங்கே கட்டத்தின் அளவு கண்ணுக்கு மட்டுமல்ல, தையலுக்கும் கணக்கு. நம் கைலிக்கு மடிப்பு கிடையாது, மூட்டு ஒன்றுதான். மூட்டுகிற இடத்தில் கட்டம் பாதியில் வெட்டுப்பட்டால், சின்னக் கட்டத்தில் யாருக்கும் தெரியாது, பெரிய கட்டத்தில் தெருவுக்கே தெரியும்.

இந்த ஒற்றுமையை வைத்து, கட்டம் போடவே வெள்ளைக்காரப் பட்டாளம்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மெக்லியாட் ஹைலேண்டர் படை சென்னையில் இறங்கியது 1780-இல். டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டியதோ 1613-இல். அங்கிருந்து கட்டத்துணி கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போயிற்று. மலாய்க்காரர் கட்டம் போட்ட சாரத்தை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான்! அவர்கள் அதில் வேறு நிறத்தில் ஒரு பட்டை விட்டு, அது முதுகுப்பக்கம் வரும்படி உடுத்துகிறார்கள்.

மேற்கே போன நம் சரக்கு வேறு அளவு. நைஜீரியாவின் களபாரி மக்கள் விரும்பி வாங்கிய மெட்ராஸ் கைக்குட்டை 36 அங்குலச் சதுரம். எட்டு சதுரம் ஒரே துணியாக, 8 கஜம். கில்ட்டுக்கும் அதே 8 கஜம் என்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். பெயர்தான் கைக்குட்டை, அவர்களும் அதை இடுப்பில்தான் சுற்றிக் கட்டினார்கள்.

சித்தப்பா போன தீபாவளிக்கும் சின்னக் கட்டம்தான் எடுத்தார்.