சட்டாம்பிள்ளை முறையும் இணையமும்

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வட்டத்தைச் சேர்ந்த அரும்பாவூர், மரச்சிற்பத்தால் கீர்த்தி பெற்ற ஊர். 2020ஆம் ஆண்டில் அதன் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகையிலும் மாவிலும் வேம்பிலும் தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கும் இத்தகைய பட்டறைகளில் வித்தை பயில வரும் சிறுவன், தலைமைச் சிற்பியிடம் கற்பதோடு, தனக்குச் சற்று முன்னதாக உளி பிடித்தவனிடமும் கற்கிறான். இணையமும் சமூக ஊடகமும் நம் பள்ளிக் கல்வியை எவ்வாறு மாற்றக்கூடும் என்று ஆராய்வோர், புதிய யந்திரங்களின் பெருமையைப் பேசுமுன், முன்னே கற்றவன் பின்னே வருபவனுக்குக் கற்பிக்கும் இந்தப் பழைய முறையின் சரித்திரத்தை அறிவது அவசியமென்பது என் அபிப்பிராயம்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுப்பித்த கணக்கு, மாகாணமெங்கும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 பிள்ளைகளும் இருந்ததாகக் கூறுகிறது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் ஆள்காட்டி விரலால் ஓர் எழுத்தை வரைந்து, வரையும்போதே வாய்விட்டுச் சொல்லி, கை தேறிய பின்பே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் சென்றனர். உபாத்தியாயர் ஒருவரே எல்லாரையும் கவனிக்க இயலாமையால், மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களின் பாடத்தைக் கேட்டுத் திருத்தினான். அக்கணக்கிலே பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே என்பதையும், தாழ்த்தப்பட்டோர் பலருக்கு அத்திண்ணைகளில் இடமில்லாதிருந்ததையும் மறைத்துவிட்டு அக்காலத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

எனினும் அம்முறையின் சக்தியை அயல்நாட்டார் ஒருவர் கண்டுகொண்டார். 1789 முதல் எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்த முயன்றபோது, ஆசிரியர்கள் அதை ஏற்காமையால் சிறுவன் ஒருவனையே கற்பிக்கும்படி நியமித்து, அதிலே வெற்றியுங் கண்டு, 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவிற்று.

அதன் பின் வந்த சாதனங்கள் வேறு வழியில் சென்றன. 1939இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் பிறந்தது. 1975–76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு சென்றது, அதில் தமிழ்நாடு சேரவில்லை. இவை இரண்டும் ஒருவர் பேசப் பலர் கேட்கும் சாதனங்கள். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உலகத் தமிழர் வீட்டுக்குப் பாடத்தைக் கொண்டு சென்றது. 2011இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாயிற்று. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி உதயமாயிற்று. கிராமத்துச் சிறுமி தன் தந்தையின் கைப்பேசியைப் பாடநூலின் கறுப்புச் சதுரத்தின்மேல் பிடித்தவுடன் பாடத்தின் காணொளி திறக்கிறது. ஆயினும் அவளுக்கு எழும் சந்தேகத்தைக் கேட்பதற்கு அக்காணொளியில் இடமில்லை.

பெருந்தொற்று வேறொரு குறையையும் வெளிச்சமாக்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கல்வியின் எல்லைக்கு அப்பால் நின்றனர். 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமோ, இணையத்தின் வாயிலாகத் தன்னார்வலர்களைத் திரட்டி, மாலை வேளையில் அவர்களைப் பிள்ளைகளின் குடியிருப்புக்கே அனுப்பியது. தொலைக்காட்சிப் பாடம் தராத பயனை இது தந்தது. கற்பிப்பவரும் கற்பவரும் எதிரெதிரே அமர்ந்ததே காரணம் என்று நான் துணிகிறேன்.

இன்று பல வகுப்புகளுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அவற்றுட் பலவும் வீட்டுப்பாடத்தையும் விடுமுறையையும் அறிவிக்கும் பலகைகளாகவே நின்றுவிட்டன. குழுவில் பேசும் உரிமை பெரும்பாலும் ஆசிரியர்க்கே. உண்மையான மாற்றம் இங்கேதான் பிறக்க வேண்டும். பின்னக் கணக்கைப் புரிந்துகொண்ட மாணவி தன் குரலிலேயே அதை விளக்கி அனுப்ப, புரியாதவன் கூச்சமின்றித் திருப்பிக் கேட்க, ஆசிரியர் பிழையை மட்டும் திருத்தும் நிலை வருமாயின், சட்டாம்பிள்ளை முறை ஜாதிபேதமும் பெண்பேதமுமின்றி மறுபடியும் உயிர் பெறும். அரும்பாவூர்ச் சிற்பிகள் சம்மதித்தால், கொட்டாப்புளியின் அடிகளுக்கிடையே உருவம் தெளிவதை அவ்வூர்ப் பிள்ளைகள் படமெடுத்து, 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தம் கையாலேயே எழுதலாம்.

அபாயங்களை நான் அற்பமாக எண்ணவில்லை. பதினாறு வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க ஆஸ்திரேலியா 2024இல் சட்டமியற்றிற்று. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. ஆகையால் வெளியார் நுழையாத, ஆசிரியரும் பெற்றோரும் காணத்தக்க சிறு குழுக்களே பள்ளிக்கு ஏற்றவை. கல்வித் துறையும் ஆசிரியப் பெருமக்களும் வரும் கல்வியாண்டில் ஒரு வகுப்பில், ஒரு பாடத்திலாவது, அக்குழுவில் பிள்ளைகளைப் பேச விடுமாறு வேண்டுகிறேன்.