அம்பாசிடரின் கண்ணாடி ரப்பர்

அம்பாசிடர் காரின் முன்கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது எது தெரியுமா? திருகாணியும் இல்லை, பசையும் இல்லை. சுற்றிலும் ஓடும் ஒரு ரப்பர் பட்டைதான்!

1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் நொறுங்காது என்று கண்டறிந்தார். அதன் பிறகே வண்டிகளுக்கு உகந்த ரப்பர் கிடைத்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் உருவானது.

வில்லியனூர், பாகூர் பக்கம் கோடை வெயில் இந்த ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கும். ஐப்பசி மழை அந்த வெடிப்பு வழியே இறங்கும். நீர் கால் மிதிக்கு அடியில் தேங்கி, தரைத் தகடு துருப்பிடிக்கும். வண்டியின் ஆயுளே இந்த ரப்பரில்தான் இருக்கிறது.

மாற்றும் முறை எளிது. புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, வெளிப்பள்ளத்தில் கயிறு சுற்றி, சோப்பு நீர் தடவுவார்கள். ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை இழுப்பார். ரப்பரின் உதடு தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பல பழைய கார்களில் கடைசியாகச் செருகும் பளபளப்பான பீடிங் அழகுக்கு மட்டுமல்ல, ரப்பரை இறுக்கும் பூட்டும் அதுவே!

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இன்றைய கார்களில் கண்ணாடியைப் பசை போட்டே ஒட்டுகிறார்கள். பழைய வண்டிக்கு இன்றும் ஒரு கயிறும் இரண்டு ஆட்களும் போதும்.