அகராதி இல்லாத மூன்று டாக்டர்கள்

1771, ஜப்பான். எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ. கொட்சுகஹாரா கொலைக்களத்தில் தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு பெண்ணின் உடலை அறுத்துக் காட்டுறாங்க. அறுப்பவர் 90 வயசு முதியவர். பார்க்க வந்த டாக்டர்கள் சுகிதா கென்பாகு, மாயெனோ ரியோதாகு இருவர் கையிலும் ஒரே புத்தகம்: குல்முஸ் என்ற ஜெர்மானியரின் உடற்கூறு நூல், டச்சு மொழிபெயர்ப்பில்.

படத்தையும் உடலையும் மாத்தி மாத்திப் பார்க்கிறாங்க. அச்சு அசலா ஒத்துப்போகுது. அவங்க படிச்ச சீன நூல்களில் இருந்த நுரையீரலும் கல்லீரலும்தான் ஒத்துப்போகல. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே இத்தனை வருஷம் வைத்தியம் பண்ணியிருக்கோம்னு புரிஞ்சா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க! வீடு திரும்பும் வழியிலேயே முடிவு பண்ணிட்டாங்க, இதை மொழிபெயர்த்தே ஆகணும். நகாகவா ஜுன்ஆனும் சேர்ந்துகொண்டார்.

ஆனா கென்பாகுவுக்கு டச்சு எழுத்தே தெரியாது. ரியோதாகுவுக்கு ஏதோ சில நூறு சொற்கள். அகராதி கிடையாது.

அதனால முழு உடல் படத்திலிருந்து ஆரம்பிச்சாங்க. வெளி உறுப்புகள் எல்லாருக்கும் தெரிஞ்சவைதானே? அப்படியும், புருவம் என்பது கண்ணுக்கு மேலே முளைக்கும் முடி என்ற ஒரு வரிக்கு ஒரு பகல் முழுசும் போச்சு.

மூக்குக்கு வந்தா 'புருஹெஹெந்தோ'ன்னு ஒரு சொல். வேறொரு சிறு நூலில் அதே சொல் இருந்தது: கிளையை வெட்டினா அந்த இடம் இப்படி ஆகும், முற்றத்தைப் பெருக்கினா குப்பை இப்படி ஆகும். வெட்டுவாய் ஆறும்போது புடைக்கும், குப்பை குவியும், மூக்கு முகத்தில் எழும்பி நிற்கும். அப்போ 'மேடு'! விலைமதிப்பில்லாத ரத்தினம் கிடைச்ச மாதிரி சந்தோஷமாம். 1815-ல் 83 வயசில் கென்பாகு எழுதின நினைவு இது. மூலநூலின் மூக்குப் பகுதியில் அந்தச் சொல் இல்லைன்னு பிற்காலத்தில் ஒப்பிட்டவங்க சொல்றாங்க. இருக்கட்டும், கிழவருக்குச் சொல் மாறியிருக்கலாம், வேலை நடந்த விதம் அதுதான்.

பிடிபடாத சொல்லுக்கு வட்டத்துக்குள் ஒரு சிலுவைக்குறி போட்டு நகர்ந்தாங்க. ஆரம்பத்தில் பக்கமெல்லாம் அந்தக் குறிதான். 1774-ல் 'கைதாய் ஷின்ஷோ' வெளிவந்தது. அதிகம் டச்சு தெரிந்த ரியோதாகுவின் பெயர் அதில் இல்லை!

டச்சில் 'ஸேனூ' என்ற உறுப்புக்கு ஜப்பானியத்தில் பெயரே கிடையாது. உயிராற்றல், ஓடும் பாதை இரண்டையும் சேர்த்து 'ஷின்கெய்' என்று உருவாக்கினாங்க. இன்னைக்கும் ஜப்பானில் நரம்புக்கு அதுதான் பெயர். சீனாவிலும் அதே எழுத்துகள்தான்.

நமக்கு நேர்மாறான பிரச்சினை. யாழின் தந்தியும் நரம்பு, கையில் புடைச்சுத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்பு. "நரம்பு இழுக்குது டாக்டர்"னு நீங்க சொன்னா, விரல் எங்கே காட்டுதுன்னு பார்த்துத்தான் எதைச் சொல்றீங்கன்னு நான் தெரிஞ்சுக்கிறேன்.